கீழ்க் கழனிக்குப் போன தண்ணீர்

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் முதலில் தெரிவது என் கழனி. அதற்கு அந்தப் பக்கம், ஒரு முழம் இறக்கத்தில் இருப்பது அக்காவின் கழனி. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணனின் மனைவி, எனக்கு ஓர்ப்படி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை "ஏமே" என்பாள். கோபம் வந்தால் "ஊமக்கோட்டான்" என்பாள். பிரியம் வந்தாலும் அதையேதான் சொல்வாள்.

இப்போது அவள் களம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஆரணியில் பஸ் ஏறி, போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர். அவ்வளவு பக்கத்தில் இருப்பவளை நினைத்து இந்த வயதில் இப்படி ஏங்குவது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் கதவைத் திறந்ததும் கண் கீழ்க் கழனிக்குத்தான் போகிறது. அங்கே ஒரு தலை தெரிகிறதா என்று தேடுகிறது. இல்லை என்று தெரிந்தும் தேடுகிறது.

அவள் கழனியை விட்டுப் போனதற்குக் காரணம் நான். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

மாமனார் போன பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் மூத்தவர் பங்கு பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிக்கிறவர் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்று அப்படி ஒரு வழக்கம். பெரியவர் மேலே ஒரு பங்கு, கீழே ஒரு பங்கு என்று கயிறு பிடித்தார். என் வீட்டுக்காரர் மேல் பங்கை எடுத்துக்கொண்டார். ஏரிக் கால்வாய்க்குப் பக்கம், வீட்டுக்கும் பக்கம். அக்காவுக்குக் கீழ்ப் பங்கு வந்தது.

"நீ குளிச்சி வுட்ட தண்ணிலதான் எனுக்கு வெள்ளாம. நல்லா மஞ்சா பூசிக் குளிமே, என் நெல்லு செவப்பா வெளையட்டும்" என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். ஆண்கள் சிரித்தார்கள். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

அவள் விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கி, என் கழனியின் ஓரமாக ஒரு வடிகால் போகிறது. என் கழனியில் தண்ணீர் மிஞ்சினால் அதில் வடியும். வீட்டில் புழங்கிய தண்ணீரும் அதில்தான் போகும். அது என் கழனியைவிடத் தாழ்வாக ஓடுவதால் எனக்கு அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கீழே போனதும் அது அக்காவின் வரப்பைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிற மாதங்களில் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஏரி குறைந்து மடை மூடிவிட்டால், அந்த வடிகாலில் ரெண்டு கூடை மண்ணைப் போட்டு மறித்துத் தன் கழனிக்குத் திருப்பிக்கொள்வாள். கடைசியில் இருக்கிறவர்களுக்கு வடிகிற தண்ணீரும் தண்ணீர்தான்.

அந்த வடிகாலை வருஷா வருஷம் ஆடி முடிவதற்குள் நாங்கள் ரெண்டு பேரும்தான் தூர் எடுப்போம். நான் மேலேயிருந்து வெட்டிக்கொண்டு வருவேன். அவள் கீழேயிருந்து வெட்டிக்கொண்டு வருவாள். பாதியில் சந்தித்துக்கொள்வோம் என்று பேர். சந்திக்கிற இடம் ஒரு வருஷமும் பாதியாக இருந்ததில்லை. அவள் முக்கால்வாசி முடித்துவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பாள்.

"இன்னாமே, மண்ண வெட்றியா, மண்ணுக்கு மாலிஷ் போட்றியா?"

"வேர் கீதுக்கா."

"எனுக்கு மட்டும் இன்னா வெண்ணெயா கீது? தள்ளு."

என் பங்கையும் அவளே வெட்டுவாள். நான் தூக்கில் கொண்டுவந்த கூழைக் கரைத்து, பச்சை மிளகாயைக் கிள்ளி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சாப்பிடும்போது அவள் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். நான் "ம்" கொட்டுவேன். எனக்குப் பேச வராது. அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் அடி வாங்கியவள் நான். அக்காவிடம் அந்தத் தொல்லையே இல்லை. என் பங்குப் பேச்சையும் அவளே பேசிவிடுவாள். "உனுக்கு இது புடிக்கல, அதான மூஞ்ச அப்டி வெச்சிகினு கீற?" என்பாள். சரியாக இருக்கும்.

இனி பட்டு விஷயத்துக்கு வருகிறேன். கழனியோடு பட்டுத் தறியும் நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இடுப்பு விட்டுப்போய்த் தறியில் உட்கார முடியாமல் ஆனபோது, நான் வீட்டிலேயே பட்டு அவிக்க ஆரம்பித்தேன். வருகிற கச்சாப் பட்டு விறைப்பாக இருக்கும். பூச்சியின் பிசின் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது போனால்தான் பட்டுக்கு மெதுவும் பளபளப்பும் வரும், சாயமும் பிடிக்கும். பெரிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, சோப்பைச் சீவிப் போட்டு, சலவை சோடாவை அள்ளிப் போட்டு, பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி அதில் திருப்பித் திருப்பிக் கொதிக்கவிட வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று தரம் அலச வேண்டும். எங்கள் தெருவில் நாலைந்து தறிக்காரர்கள் என்னிடம்தான் கொடுத்தார்கள். தினம் ஒரு அண்டா. சில நாள் ரெண்டு. அந்தத் தண்ணீர் முழுவதையும் தோட்டத்து வடிகாலில்தான் சாய்த்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. எங்கள் ஊரில் தண்ணீரை நிறத்தை வைத்துத்தான் பார்ப்போம். மேல்தெருவில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அங்கேயிருந்து ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் பச்சையுமாகத் தண்ணீர் வரும். அதுவும் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வடிகாலில்தான் சேரும். அதைப் பார்த்தால் எல்லாரும் திட்டுவார்கள். என் அண்டாத் தண்ணீர் நுரையோடு வெள்ளையாக இருக்கும். அழுக்கை எடுக்கிற தண்ணீர் எப்படி அழுக்காகும்? அக்காவே குடத்தோடு வந்து நிற்பாள். "ஏமே, கொட்டிடாத, என் ரெண்டு பொடவய அதுல அலசிக்கிறேன், என்னமா பளிச்சினு வருது பாரு" என்பாள். நானும் அவளுக்கென்று நல்ல நுரையாக ஒதுக்கி வைப்பேன்.

இப்படிப் பல வருஷம் போயிற்று. ரெண்டு வீட்டு ஆண்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் ரெண்டு பேரும்தான் மிஞ்சினோம். ஒருத்தி கழனியைப் பார்த்து ஒருத்தி தைரியப்பட்டுக்கொண்டு இருந்தோம்.

அப்போதுதான் கீழ்க் கழனியில் உப்பு பூக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் மட்டும் கோலமாவு சிந்திய மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் பாதிக் கழனிக்கு வந்தது. நட்ட நாற்று நுனி கருகி நின்றது. மண் ஈரமாக இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் கறுப்பாக மேலேயே நிற்கும்.

அக்கா வரப்பில் உட்கார்ந்து பயிரைத் திட்டுவாள். அவள் வழக்கம் அது. "உனுக்கு இன்னா கேடு? எரு போட்டேன், தண்ணி கட்னேன், மூஞ்ச தூக்கி வெச்சிகினு நிக்கிற. எங்க ஊமக்கோட்டான் பரவால்ல போலகீது." எனக்குச் சிரிப்பு வரும். அவள் குரலில் பயம் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். சின்ன வயது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கழனியில் இறங்கி, பல இடத்தில் குழி எடுத்து, மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தாளோடு மறுபடியும் வந்தார்கள். நானும் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, இது வெறும் உப்பு இல்லம்மா. களர். வெறும் உப்புன்னா நல்ல தண்ணி விட்டே கழுவிடலாம். இது சோடியம், மண்ணைப் புடிச்சிக்கும். மேல யாராவது சோப்பு, சோடா போட்டு எதாவது துவைக்கிறாங்களா? அந்தத் தண்ணி இங்க வருதா?"

 சோடாவில் வெந்து தோல் உரிந்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அக்கா திறந்தாள்.

"எல்லாம் அந்தச் சாயப்பட்டறைக்காரன் பண்ற வேல மேடம். செவப்புத் தண்ணி வுட்றான், பச்சத் தண்ணி வுட்றான். அதுல இன்னாத்த கலக்கறானோ."

"வேற எதுவும் வரலியா?"

"எங்க வூட்டுத் தண்ணி வரும். இதோ கீறாளே, இவ வூட்டுது. அது வெள்ளத் தண்ணி. சுத்தம். என் பொடவயே நா அதுலதான் அலசறேன். இவளால ஒரு ஈ எறும்புக்குக் கூட கெடுதல் வராது மேடம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்காக அவள் பேசியது இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம். அந்த ஒரு தரம் அவள் பேசியதை நான் மறுத்திருக்க வேண்டும்.

அக்கா சாயப்பட்டறை வாசலில் போய் நின்று கத்தினாள். அந்த ஆள் பாவம், முதலில் எதிர்த்துப் பேசினார். பிறகு தெருவே கூடிவிட்டதால் குழாய் போட்டுத் தன் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வடிகாலில் சிவப்பும் பச்சையும் நின்றுபோயின. வெறும் வெள்ளைத் தண்ணீர் மட்டும் போயிற்று. "பாருமே, இப்ப எப்டி கண்ணாடி மாரி கீது" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

நான் உடனே நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள் என்று பயம். அந்த அம்மா சொன்னது வேறு எதையாவது பற்றி இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பார்த்துவிடலாம் என்று அண்டாத் தண்ணீரில் ஒரு குடம் மட்டும் தினம் தோட்டத்து வாழைக்கு ஊற்றினேன். இலையின் ஓரம் முதலில் பழுத்தது. அப்புறம் தீயில் காட்டிய மாதிரி சுருண்டது. பக்கத்துக் கன்றும் போயிற்று. அந்த வாழைக்கு எதிரில் நின்றபோதுதான் கீழ்க் கழனி முழுவதும் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு கண் தெரியவில்லை என்று சொல்லித் தறிக்காரர்களுக்குப் பட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் தாமதமாகிவிட்டது. அந்தப் பருவத்தில் அக்காவுக்கு விதை நெல்கூடத் திரும்பவில்லை. அவளுக்கு முழங்கால் வேறு பிடித்துக்கொண்டது. மகள் வந்து கூப்பிட்டாள்.

போகிற அன்றைக்கு மூட்டையோடு என் பின்கதவில் வந்து நின்றாள். "கழனி செத்துப்பூட்ச்சுமே. செத்ததப் பாத்துகினு இன்னாத்துக்கு இங்க குந்தினு இருக்கணும்? நீ ஒடம்பப் பாத்துக்கோ" என்றாள். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். நான் "ம்" என்றேன். அவள் போய்விட்டாள்.

அந்த நாலு வருஷம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. வெயில் காலத்தில் கீழ்க் கழனி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். மழைக்காலத்தில் கோரை முளைக்கும். என் நெல் பச்சையாக நிற்கும். அதன் வரப்பில் நின்று கீழே பார்க்க முடியாது. நல்லது பொல்லாததுக்கு எங்கேயாவது அக்காவைப் பார்த்தால் அவள் முன்போலவே பேசுவாள். "இளைச்சிட்டமே, துன்றியா இல்லியா?" என்பாள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வரும். பத்துப் பேர் நடுவில் வாய் வராது. தனியாக இருந்தால் அதைவிட வராது. அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று தோன்றும். பக்கத்தில் இருந்தும் அவளிடம் போய்ச் சேர முடியாத மாதிரி இருக்கும்.

கடைசியில் போன வருஷத்துக்கு முந்திய வருஷம், ஒரு புரட்டாசிக் காலையில், யாரிடமும் சொல்லாமல் களம்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மகள் வீட்டுக்கு அடுத்த சுவர் நெல் மில். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காதும் கொஞ்சம் மந்தமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாமே! தனியாவா வந்த? பஸ்ஸு ஏறத் தெரிஞ்சிச்சா உனுக்கு?"

உட்காராமலே சொன்னேன். "அக்கா, உன் கழனியக் கெடுத்தது என் தண்ணிதான்."

"இன்னா?"

"என் தண்ணிக்கா. பட்டு அவிச்ச தண்ணி."

"மில்லு ஓடுது, ஒண்ணும் கேக்கல. கத்தி சொல்லுமே."

என் வாழ்க்கையில் நான் கத்தியதே இல்லை. அன்றைக்குக் கத்தினேன். "உன் கழனி கெட்டது என்னாலதான்! சோடாத் தண்ணி! அந்த மேடம் கேட்டப்பவே எனுக்குத் தெரியும்! தெரிஞ்சும் நா சொல்லல!" லாரியில் மூட்டை ஏற்றியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்படியில் இருந்த மகள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்த்தது திட்டு. அது வரவில்லை. "அந்தச் சாயப்பட்டறைக்காரன நா இன்னான்னா பேசினேன் தெரிமா உனுக்கு?" என்றாள். "அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வெக்க வந்தான். நா கதவத் தெறக்கல." அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "எழுந்து போமே" என்றாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பஸ் நிற்கிற இடத்துக்கு மகள் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு நான் சித்தி. சின்ன வயதில் என் மடியிலேயே கிடந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"சித்தி, அம்மா ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. கெடுத்தவளே சரி பண்ணட்டும்னு."

"வேற இன்னா சொல்லிச்சு?"

"அவ்ளோதான். ஜன்னலாண்ட குந்துங்க, இல்லனா வாந்தி வரும் உங்களுக்கு."

அடுத்த வாரமே சாயப்பட்டறைக்குப் போனேன். ஒரு தரம் கத்தியவளுக்கு இன்னொரு தரம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் தண்ணியும் ஒண்ணும் பன்னீர் இல்லம்மா. குழா போட்டது நல்லதுதான்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவருடைய பெருந்தன்மை எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

வேளாண்மை ஆபீசில் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போகக் கூச்சம். அந்த அம்மாவே சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்கள். நான் சொன்னதைக் கேட்டு, "அன்னிக்கே உங்க கையப் பாத்தேம்மா" என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். கழனியைச் சின்னச் சின்னப் பாத்தியாக வரப்பு கட்ட வேண்டும். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, சேறாகக் கலக்கி, சில நாள் நிற்கவிட்டு வடிக்க வேண்டும். மறுபடி நல்ல தண்ணீர் கட்டி மறுபடி வடிக்க வேண்டும். "வடிக்கிறதுதாம்மா வைத்தியம். வடிய எடம் இல்லாம ஜிப்சம் கொட்டினா வீண்."

வடிய இடம் என்றால் ஓடை. ஓடைக்குப் போகிற வாய்க்கால் அக்கா கழனிக்கும் கீழே இருக்கிறவருடைய நிலத்தை ஒட்டிப் போகிறது. அவர் எனக்கு மகன் வயது. என்னைப் பெரிம்மா என்பார். இதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை பேசியிருப்பேனா என்பதே சந்தேகம். அவர் கழனிக்குப் போய், இந்தத் தண்ணீரில் இன்ன கெடுதல் இருக்கிறது, இது உன் நிலத்தில் ஏறினால் உன் நிலமும் கெடும், ஆனால் எனக்கு வழி வேண்டும் என்று முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இன்னா பெரிம்மா, வெஷத்துக்கு வெத்தல பாக்கு வெச்சி அழைக்கற மாரி கேக்கறீங்க" என்றார். "முடியாது" என்றார். மறுநாளும் போய் வரப்பில் நின்றேன். மூன்றாம் நாள் அவரே, "பேஜாராப் போச்சு உங்களோட. மழ பேஞ்சி ஓட நெறய ஓடற நாளாப் பாத்து வடிங்க. அப்பதான் அதுவும் கரைஞ்சி போவும். என் ஓரத்துல கரைய நல்லா ஒசத்திக் குடுத்துடணும்" என்றார். அவர் சொன்ன மாதிரியே ஆள் வைத்து உயர்த்திக் கொடுத்தேன்.

அந்த ஐப்பசி மழையில் முதல் தண்ணீரை வடித்தோம். டிகாக்ஷன் மாதிரி கறுப்பாகப் போயிற்று. கொஞ்சம் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது, வழுக்கியது. என் அண்டாவின் ருசி. ரெண்டாவது தரம் வடித்தபோது கறுப்பு குறைந்தது. மூன்றாவது தரம் சாதாரணக் கலங்கலாகத்தான் இருந்தது. பிறகு பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, இடுப்பளவு வளர்ந்ததும் பூ விடுவதற்குள் டிராக்டர் விட்டு மடக்கி உழுதேன். அழுகிய அந்த நாற்றம் தோட்டம் வரைக்கும் வந்தது. எனக்கு அது நல்ல வாசனையாகத் தெரிந்தது.

வேலை நடந்த நாளெல்லாம் களம்பூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நானும் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும், கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கழனியில் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் பின்னால் அவள் நின்று ஏதாவது சொல்வாள் என்று முதுகு காத்துக்கொண்டே இருந்தது. நான் நடவு செய்த வரிசை கோணலாகப் போனபோது, இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாள் என்று யோசித்து நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் போகம் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. இந்த நவரைப் பட்டத்தில், உப்பு தாங்குகிற நெல்லாக அந்த அம்மா சொன்னதைப் போட்டேன். பயிர் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு மூலை மட்டும் இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. அது சரியாக இன்னும் ரெண்டு வருஷம் ஆகும் என்கிறார்கள்.

போன மாதம் ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வெயிலில் வந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வடிய வழி விட்ட அந்தக் கழனிக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"பெரிம்மா, உங்க அக்கா வந்துட்டுப் போச்சே, பாத்தீங்களா?"

பையைக் கீழே வைத்தேன். "எப்ப?"

"இப்பதான், ஒரு மணி நேரம் இருக்கும். ஆட்டோல வந்துச்சு. கால இழுத்துகினு வரப்பு மேல கொஞ்ச தூரம் போச்சு. அதுக்கு மேல முடியல. குந்திகினு இருந்துட்டுப் போயிடுச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"என்கிட்ட ஒண்ணும் பேசல. பயிரத்தான் திட்டிகினு இருந்துச்சு."

அரிசியை அப்படியே வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கழனிக்கு ஓடினேன். யாரும் இல்லை. வரப்பில் ஒரு காலின் தடம் அழுத்தமாகவும் ஒரு காலின் தடம் இழுத்தும் இருந்தது. தடம் முடிந்த இடத்தில் ஒரு நெல் பயிர் கிடந்தது. அவள் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். பயிர் நன்றாக இருக்கிறதா என்று மேலே பார்த்து அவள் என்றைக்கும் நம்பமாட்டாள். வேரைப் பார்க்க வேண்டும். சேறு போக வாய்க்கால் தண்ணீரில் அலசியிருந்தாள். கறுப்பு இல்லை. கருகல் இல்லை. வெள்ளையாக, கற்றையாக இருந்தது வேர். அதை எறிந்துவிட்டுப் போகவில்லை. வாடாமல் இருக்க வரப்போரத்து ஈரத்தில் வேர் படும்படி சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதை எடுத்து அவள் பிடுங்கிய பள்ளத்திலேயே ஊன்றினேன். பிடித்துக்கொண்டது.

களம்பூருக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் மில் சத்தத்தில் என்ன பேசுவது? ஆனால் அன்றிலிருந்து அந்த வரப்பை அகலப்படுத்திக்கொண்டு இருக்கிறேன். பிடித்துக்கொண்ட முழங்காலோடு ஒருத்தி, பக்கத்தில் இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி மூலை வரைக்கும் நடந்து போகிற அகலம் வேண்டும். என் பக்கத்து மண்ணை வெட்டித்தான் போடுகிறேன், அவள் நிலத்தில் ஒரு பிடி எடுக்கவில்லை.

நேற்று வழி விட்ட கழனிக்காரர் நின்று பார்த்தார். "இன்னா பெரிம்மா, வரப்பா ரோடா? லாரி எதுனா வுடப் போறீங்களா?" என்றார்.

நான் இன்னொரு கூடை மண்ணைக் கொட்டிக் காலால் மிதித்தேன்.